மேடு போகட்டும், அப்பத்தா மூக்கு இருக்கட்டும்

அக்கா மகளுக்கு மூக்குத் தண்டின் நடுவே சின்ன மேடு. கல்யாணத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். துணைக்கு நான் போனேன். கிளினிக்கில் கணினித் திரையில் ஒரு முகத்தைக் காட்டினார்கள். மேடு இல்லைதான். கூடவே மூக்கு மடல்கள் ஒடுங்கி, நுனி மேலே தூக்கி, மூக்குத்தித் துளை மடிப்போரம் ஒதுங்கிக் கிடந்தது. “மாமா, இது யாரு?” என்றாள். அவள் அப்பத்தாவிடமிருந்து வந்த மூக்கு அது, திரையில் காணவில்லை.

மூக்கின் அகலம் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கலைஞர்கள் வகுத்த அளவு. அழகு அறுவையும் அதே வழியில் வளர்ந்ததுதான். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ஜான் ரோ 1887இல் சப்பை மூக்கை ஒரு ‘ஊனம்’ என்றே எழுதினார். பெர்லினில் ஜாக் ஜோசப் 1898இல் மூக்கைச் சிறிதாக்கத் தொடங்கியபின், யூதர் என்று மூக்கு காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவரிடம் வந்தவர்கள் உண்டு. மூக்கைக் குமிழம்பூ என்ற நம் புலவர்கள் ஸ்கேல் வைத்து அளக்கவில்லை.

உடம்பும் இந்த ஒரே அளவுக்கு ஒத்துவருவதில்லை. நம்மில் பலருக்கு மூக்கு நுனித் தோல் தடிமன். உள்ளே குருத்தெலும்பை அதிகமாக வெட்டினால் மேல்தோல் சுருங்கி ஒட்டாது. நுனிக்கு மேலே தழும்புத் திசு சேர்ந்து கிளி மூக்காகிவிடும், மூச்சும் அடைக்கலாம். அதனால்தான் விவரமான சர்ஜன்கள் வெட்டுவதைக் குறைத்து, நடுச்சுவர், காது, விலா இவற்றிலிருந்து குருத்தெலும்பு எடுத்து முட்டுக்கொடுக்கிறார்கள். மடலைக் குறுக்கும் வெட்டில் இன்னும் கவனம் தேவை: தழும்பு தெரியலாம், ஒடுக்கிய துவாரத்தைத் திரும்ப அகலமாக்குவது மிகக் கடினம்.

“கத்தியே வேண்டாம், ஊசி போதும்” என்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை. ஊசியில் ஏற்றும் ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்தால் தோல் அழுகும், பார்வையே போகலாம். ஊசி போட்டதும் தோல் வெளுத்தாலோ, கடும் வலி வந்தாலோ, கண் மங்கினாலோ அந்த நிமிடமே சிகிச்சை வேண்டும். இன்னொன்று, செல்ஃபி பார்த்து முடிவெடுக்காதீர்கள். 12 அங்குல தூரத்தில் எடுத்த படம் மூக்கை ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகக் காட்டும்.

சட்டத்துக்கு வருவோம். “முடிவு எனக்குப் பிடிக்கவில்லை” என்பது மட்டும் மருத்துவ அலட்சியம் ஆகாது. ஆனால் நீங்கள் சம்மதிக்காததைச் செய்திருந்தால் கதை வேறு. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் வேறொன்றுக்குச் செல்லாது, உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால்தான் விலக்கு. அச்சடித்த படிவத்தில் கையெழுத்து போடுமுன், எது மாற வேண்டும், எது மாறவே கூடாது என்பதைக் கைப்பட எழுதுங்கள். அக்கா மகள் வேறொரு சர்ஜனிடம் போய், “மேடு மட்டும். மடலைத் தொடக் கூடாது” என்று எழுதிக் கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே கீழே கையெழுத்திட்டார்.

கேஸ் ஷீட்டைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவ ஒழுங்குமுறை விதி. மருத்துவரின் நடத்தை மீது புகார் என்றால் மாநில மருத்துவக் கவுன்சில். இழப்பீடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழி கேட்க 1915க்கு போன் செய்யலாம்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போடக் கெடு இரண்டே வருடம். சிக்கல் இங்கேதான்: வீக்கம் முழுதாக வடியவே ஒரு வருடம் ஆகும், மறு அறுவைக்கும் பொதுவாக அதுவரை பொறுக்கச் சொல்வார்கள். அந்தப் பேச்சு உண்மையாகவே இருந்தாலும் கெடு அதற்காக நிற்காது. அக்கா மகள் மாதம் ஒருமுறை அதே சுவர் முன்னால் நின்று, ஐந்தடி தள்ளி போனை வைத்துப் படம் எடுத்து, தேதி போட்டு வைக்கிறாள். மூன்றாவது மாதப் படத்தில் மூக்குத்தி திரும்ப ஏறியிருக்கிறது, பழைய இடத்திலேயே.