திருமயிலை ஸ்டேஷனுக்குக் கீழே படகு ஓடியது!

காலையில் ஆபீசுக்கு அவசர அவசரமாகப் பறக்கும் ரயில் ஏறுகிறீர்களே, திருமயிலை ஸ்டேஷனில் ஒரு நிமிடம் நின்று கீழே எட்டிப் பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்க்க வேண்டும்! கறுப்பாகத் தேங்கிக் கிடக்கிறதே, அது சாக்கடையாகப் பிறந்தது அல்ல. ஒரு காலத்தில் சென்னையின் அடுப்பு எரிய விறகும், உலைக்கு அரிசியும் கொண்டுவந்த பக்கிங்காம் கால்வாய்!

பஞ்சத்தில் வெட்டியது

சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டும் வேலை 1806ல் தொடங்கியது. தொடங்கியவர் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி. 1837ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது.

பிறகு வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க சுமார் 8 கிலோ மீட்டர் வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை மொத்தம் சுமார் 420 கிலோ மீட்டர்!

தோளில் கயிறு

படகு ஓட்டுவது லேசான வேலையா? காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். காற்று நின்றுவிட்டால் ஒருவன் கழி ஊன்றித் தள்ளுவான். இன்னொருவன் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு, மாடு மாதிரி இழுத்துக்கொண்டே நடப்பான்.

ஸ்ரீஹரிகோட்டா விறகு, உப்பு, அரிசி, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் இப்படித்தான் வந்து இறங்கின. மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. காய்கறிப் படகு வந்து நின்ற துறை அது! கவிஞர் பாரதிதாசனும் தோழர்களோடு இந்தக் கால்வாயில்தான் மாவலிபுரம் போனார்.

மூச்சு முட்டுகிறது

1965, 1966 புயல்களில் கால்வாய் பலமாகச் சேதமானது. ரோட்டில் லாரியும் பெருகிவிட்டது. படகுகள் மறைந்தன.

பறக்கும் ரயில் 1995ல் சேப்பாக்கம் வரையும், 1997ல் திருமயிலை வரையும் வந்தது. அதன் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். தூண் ஒரு பக்கம், ஆக்கிரமிப்பு ஒரு பக்கம், குப்பை ஒரு பக்கம். 2008ல் இதைத் தேசிய நீர்வழி என்று சட்டம் போட்டார்கள். நகரத்துக்குள் சரக்குப் படகு மட்டும் வரக் காணோம்!

படகு வராவிட்டால் போகட்டும், மழைத்தண்ணீர் போக வேண்டாமா? நகரத்தில் பெய்யும் மழை எண்ணூர், கூவம், அடையாறு, முட்டுக்காடு முகத்துவாரங்களுக்குப் போய்ச் சேர இந்தக் கால்வாயும் ஒரு முக்கிய வழி. வழியை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் வீட்டுக்குள் கட்டில் மேல் ஏறி நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.

பாலத்திலிருந்து குப்பைப் பையை வீசிவிட்டுப் போகிற புண்ணியவான்களே! அன்றைக்கு இந்தத் தண்ணீர் நம் கடைக்கு மூட்டை கொண்டுவந்தது. வழி விடாவிட்டால் அதே தண்ணீர் கடைக்குள்ளே வரும். அப்போது மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது நாம்தான்!