மறுப்பா, மௌனமா?

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் என்பது யாரிடமும் அனுமதி கேட்காத இயந்திரம். கேரளப் பள்ளி லேப்களில் ஓடுவது லினக்ஸ். ஜிம்ப்பில் படம் வரையலாம், ஜியோஜீப்ராவில் முக்கோணம் போடலாம், க்யூஜிஐஎஸ்ஸில் வரைபடம் திறந்து ஊரைத் தேடலாம். 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய திட்டம் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. அதே பிள்ளை களியக்காவிளையைத் தாண்டி, குமரி மாவட்டத்தில் பொறியியல் சேர்ந்து, லேப்பில் மேட்லேபையோ அன்சிஸையோ திறக்கும்போதுதான் ஒரு பிழைச் செய்திப் பெட்டி முதல்முறையாகத் திரையில் வருகிறது: லைசென்ஸ் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை.

விலை உயர்ந்த மென்பொருளைக் கல்லூரிகள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கணக்கில் வாங்குவதில்லை. ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்ற கணக்கில் வாங்குகின்றன. அந்த எண்ணிக்கையைக் காப்பது எங்கோ ஓர் அறையில் இருக்கும் சர்வர். ஒருவர் திறந்தால் ஒன்று கழியும், மூடினால் ஒன்று கூடும். 1988இல் அமெரிக்காவில் உருவான ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற ஏற்பாடு, பெயரும் உடைமையாளரும் பலமுறை மாறிய பிறகும், இந்த வேலையை இன்றுவரை செய்துவருகிறது. இரண்டாம் வகுப்புக் கூட்டல் கழித்தல்தான். ஆனால் அந்தக் கணக்குப்பிள்ளையின் முன்னால் போய் நிற்பதற்குள் கேள்வி கடக்க வேண்டிய இடங்கள் பல. கோளாறு பெரும்பாலும் கணக்கில் இல்லை, வழியில்தான்.

வழியில் என்ன ஆயிற்று என்பதற்கு நல்ல துப்பு பிழைச் செய்தியின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் எண். விண்டோஸில் அது 10061 ஆகவோ 10060 ஆகவோ இருக்கும். பார்வைக்கு அண்ணன் தம்பி, பொருளில் எதிர் எதிர். 10061 என்றால் மறுப்பு. கதவைத் தட்டினோம், உள்ளேயிருந்து 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று ஒரு குரல் வந்தது. குரல் வந்ததால் வீடு இருக்கிறது, பாதையும் சரி. அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய நிரல்தான் ஓடவில்லை. சர்வரில் லைசென்ஸ் சேவையைத் தொடங்கிவிட்டால் தீர்ந்தது. 10060 என்றால் மௌனம். தட்டினோம், காத்திருந்தோம், பதிலே இல்லை. சர்வர் அணைந்திருக்கலாம், முகவரி தப்பாக இருக்கலாம். ஆனால் முதல் சந்தேகம் ஃபயர்வால் மேல்தான். மறுக்கவும் செய்யாமல், வந்த தகவலைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது அதன் வழக்கம். மறுப்பு ஓரிரு விநாடியில் வந்துவிடும், மௌனம் இழுத்தடிக்கும். பழகியவர்கள் எண்ணைப் படிக்கும் முன்பே, செய்தி வர எடுத்த நேரத்தை வைத்தே ஊகித்துவிடுவார்கள். 'பிங் போகிறதே, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்கள் எல்லா லேப்பிலும் உண்டு. பிங் வீடு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். கதவைப் பற்றி அதற்குத் தெரியாது.

கதவு ஒன்றல்ல, இரண்டு. பலரைச் சுற்றவிடும் இடம் இதுதான். சர்வரில் முதலில் பேசுவது எல்.எம்.ஜி.ஆர்.டி. என்ற மேலாளர் நிரல். (நடுவில் எம்.ஜி.ஆர். நிற்பது தற்செயல்தான், ஆனாலும் குமரி மாவட்டத்தில் ஒரு முறை சொன்னால் யாரும் மறப்பதில்லை.) 27000 முதல் 27009 வரையிலான போர்ட்களில் ஒன்றில் அது காத்திருக்கும். எண்ணிக்கையைக் காப்பது அதன் வேலை இல்லை. அதற்கென்று ஒவ்வொரு மென்பொருள் நிறுவனத்துக்கும் தனியாக ஒரு வெண்டார் டீமன் உண்டு. 'அவர் இன்ன போர்ட்டில் இருக்கிறார், அங்கே போ' என்று மேலாளர் கைகாட்டிவிடுவார், அவ்வளவே. அந்த இரண்டாவது போர்ட்டை யாரும் எழுதி நிலைநிறுத்தவில்லை என்றால், டீமன் எழும் ஒவ்வொரு முறையும் இயங்குதளம் காலியாக உள்ள ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கும். விண்டோஸில் இதற்கான வரம்பு 49152 முதல் 65535 வரை, மொத்தம் 16,384 எண்கள்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். லேப் பொறுப்பாளர் லாகைப் பார்த்து, அன்றைக்கு இருந்த எண்ணை ஃபயர்வாலில் திறந்துவிடுகிறார். வாரக்கணக்கில் எல்லாம் ஓடுகிறது. ஒரு நாள் கரண்ட் போய் சர்வர் மறுபடி எழுகிறது. டீமன் வேறு எண்ணுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சர்வர் அறையில் சரியாக ஓடும், பக்கத்துக் கட்டடத்தில் ஓடாது. 'நேற்று வரைக்கும் வேலை செய்தது, நாங்கள் எதையுமே தொடவில்லை' என்பார்கள். அது முழு உண்மை. லைசென்ஸ் ஃபைலின் வெண்டார் வரியில் ஒரு போர்ட் எண்ணைச் சேர்த்து எழுதி, ஃபயர்வாலில் இரண்டு எண்களையும் திறந்தால் போதும். ஃபைலைத் தொடலாமா என்று பயப்பட வேண்டாம். போர்ட்டையும் சர்வரின் பெயரையும் மாற்றலாம். டிஜிட்டல் கையெழுத்து அவற்றை மூடுவதில்லை. அது இறுகப் பிடித்திருப்பது சர்வரின் அடையாள எண்ணை, வழக்கமாக நெட்வொர்க் கார்டில் பொறித்திருக்கும் 12 எழுத்து மேக் முகவரியை.

அதனால்தான் இந்த ஊர்களில் மழைக்கும் லைசென்ஸுக்கும் தொடர்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசித் துலாமழைக் காலத்திலும் மாலைக்கு மாலை இடி இறங்கும். ஒரு மின்னலில் நெட்வொர்க் கார்டு கருகி, புதிதாக ஒன்று மாட்டினால், சர்வர் சுகமாக எழுந்துவிடும். லைசென்ஸ் மட்டும் 'இது நான் அறிந்த இயந்திரம் இல்லை' என்று -9 என்ற பிழை எண்ணைக் காட்டும். விற்ற நிறுவனத்திடம் புதிய முகவரியைச் சொல்லி வேறு ஃபைல் வாங்கும்வரை வழியில்லை.

வீட்டிலிருந்து விபிஎன் வழியாக இணைபவர்களின் கதை வேறு. 27000 தொடங்கி அந்தப் பத்து போர்ட்களில் சர்வரைத் தேடும்போது, விண்டோஸ் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் நேரம் 1,00,000 மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணாடி இழையில் ஒளி அதற்குள் சுமார் 20,000 கி.மீ. ஓடும், போய்வரும் கணக்கில், 10,000 கி.மீ. தொலைவிலுள்ள சர்வரையும் எட்டலாம். பாறசாலை வீட்டிலிருந்து மார்த்தாண்டம் பக்கம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் நேரம் போதாமல் போகிறது. தாமதம் தூரத்தில் இல்லை; பலவீனமான சிக்னலில் ஃபோன் தன் முறைக்காகக் காத்திருப்பதிலும், தொலைந்த தகவலை மறுபடி அனுப்புவதிலும் இருக்கிறது. எல்லையோர வீடுகளில் ஃபோன் ஒரு சமயம் கேரள டவரையும் மறு சமயம் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும். அந்த மாற்றத்தில் விபிஎன் அறுந்தால் கேட்கவே வேண்டாம். ஃப்ளெக்ஸ்எல்எம் டைம்அவுட் என்ற அமைப்பை ஒரு விநாடிக்கு, அதாவது 10,00,000 என்று உயர்த்தினால் பெரும்பாலும் தேறிவிடும்.

கடைசியாக, பாதையெல்லாம் திறந்திருந்தும் -4 வரும் நாள். எண்ணிக்கை நிறைந்துவிட்டது என்று பொருள். லேப்பிலோ பாதிப் பேர்கூட இல்லை. முந்தைய வகுப்பு நடுவில் கரண்ட் போயிருக்கும். மூடாமலே செத்த கம்ப்யூட்டர்கள் விடைபெற்றுப் போகவில்லை. அவற்றின் முன்னால் இருந்தவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே சர்வர் நம்புகிறது. எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று விண்டோஸும் லினக்ஸும் தாமாக விசாரிக்க எடுத்துக்கொள்ளும் இயல்பான இடைவெளி இரண்டு மணி நேரம். அவசரமென்றால் பொறுப்பாளர் எல்எம்ஸ்டாட் போட்டு, யார் பெயரில் எது நிற்கிறது என்று பார்த்து, எல்எம்ரிமூவ் கட்டளையால் ஒவ்வொன்றாக எழுப்பிவிடலாம்.