என்ஜின் கணினியைத் திருத்தும் பொழுதுபோக்கு: சட்டத்தின் பார்வைக்கு எட்டாத இடைவெளி

புது தில்லி: காரில் வேறு என்ஜினைப் பொருத்துவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி தேவை. சிஎன்ஜி சிலிண்டர் பொருத்தினால் அந்த விவரம் பதிவுச் சான்றிதழில் ஏற வேண்டும். ஆனால், மடிக்கணினி ஒன்றை இணைத்து, அதே என்ஜினின் திறனையும் அது கக்கும் புகையையும் மாற்றிவிட்டால், வழக்கமான சாலையோரச் சோதனையில் அது தெரியவே தெரியாது.

சொந்த வாகனத்தின் என்ஜினை இயக்கும் கணினியைத் தாமே திருத்தக் கற்பது, பெருநகரங்களில் பொறியியல் மாணவர்கள், மென்பொருள் ஊழியர்கள், மோட்டார் பந்தய ஆர்வலர்கள் ஆகியோரிடையே ஒரு பொழுதுபோக்காக வேரூன்றியுள்ளது. இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. வாகனத்தை விலை கொடுத்து வாங்கியவருக்கு அதனுள் இருக்கும் மென்பொருள் மீது என்ன உரிமை, அவர் செய்யும் மாற்றத்தால் கெடும் காற்றுக்கு யார் பொறுப்பு என்ற இரு கேள்விகளும் இதில் அடங்கியுள்ளன. இரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களில் தெளிவான விடை இல்லை.

திருகாணி போய் அட்டவணை வந்தது

கார்புரேட்டர் இருந்த காலத்தில் என்ஜினைச் சரிசெய்ய ஒரு திருப்புளி போதும். காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைத் தெருமுனை மெக்கானிக் காதால் கேட்டே சரிசெய்தார். தில்லியின் காற்று மாசு தொடர்பான பொதுநல வழக்கில் 1999-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால், தலைநகர வட்டாரத்தில் விற்கப்படும் புதிய கார்களுக்கு முதலில் யூரோ-1, அடுத்து 2000 ஏப்ரல் முதல் யூரோ-2 தரம் கட்டாயமானது. அதன் பிறகு கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை பிடித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ்-6 தரம் நடைமுறைக்கு வந்தபோது இருசக்கர வாகனங்களும் பெருமளவில் இம்முறைக்கு மாறின. இன்று 100 சிசி மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலும் ஒரு சிறு கணினி உள்ளது.

இசியு எனப்படும் இக்கணினியின் அடிப்படை வேலை, அட்டவணைகளைப் பார்த்து முடிவெடுப்பதாகும். அட்டவணையின் ஒரு பக்கத்தில் என்ஜினின் சுழற்சி வேகம், மறு பக்கத்தில் அதன் மீதுள்ள சுமை. 16 வரிசையும் 16 பத்தியும் இருந்தால் 256 கட்டங்கள். அந்த வேகத்தில், அந்தச் சுமையில் பெட்ரோல் எத்தனை மில்லி விநாடி பீய்ச்சப்பட வேண்டும் என்பதை ஓர் அட்டவணை சொல்கிறது. பிளக்கில் தீப்பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழ வேண்டும் என்பதை மற்றோர் அட்டவணை சொல்கிறது. பொழுதுபோக்காளர்கள் திருத்துவது இந்தக் கட்டங்களில் உள்ள எண்களைத்தான்.

பொறுமை தேவைப்படும் பாடம்

கற்பவர்களின் முதல் படி எதையும் மாற்றாமல் வாசிப்பது. காரின் ஸ்டீயரிங் அருகே உள்ள ஓபிடி என்ற இணைப்பில் சிறிய கருவியைச் செருகினால், என்ஜின் வெப்பநிலை, காற்றின் அளவு, ஆக்சிஜன் சென்சார் காட்டும் மதிப்பு ஆகியவை கைப்பேசித் திரையில் ஓடும். பல நாள் ஓட்டத்தைப் பதிவு செய்து, எந்த வேகத்தில் என்ன நடக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே பாடத்தின் பெரும்பகுதி.

எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வேகத்தில் செல்லும்போது என்ஜினைக் குளிர்விக்க எரிபொருளைச் சற்றுக் கூட்டுகிறார்கள். பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறும். தீப்பொறி அளவுக்கு மீறி முந்தினால் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்லும் தட்டல் தொடங்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் நாடுகளுக்காகத் தயாரித்த கோப்பை, சாதாரண பெட்ரோல் நிரப்பும் இந்திய வண்டியில் அப்படியே ஏற்றுவது இந்த விபத்துக்கு நேர்வழி. வாங்கிய கோப்பை ஏற்றுபவருக்கும், தாமே கற்றுத் திருத்துபவருக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் தெரிகிறது.

இக்கல்விக்கு முறையான களங்களும் உண்டு. கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் 'ஃபார்முலா பாரத்' போட்டியில், கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்த பந்தய வாகனங்களுடன் பங்கேற்கின்றனர். எண்களைத் தாமே எழுதக்கூடிய கணினிகளை இத்தகைய வாகனங்களில் பொருத்துவது வழக்கம். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற கணினிகளைச் சொந்தமாகவே பூட்டி, நிரல் எழுதிப் பழகலாம்.

பொழுதுபோக்காளர் செய்யும் இதே வேலையைத் தலைநகரின் சிஎன்ஜி கடைகள் சட்டபூர்வமாகவே செய்துவருகின்றன. 'சீக்வென்ஷியல்' வகை சிஎன்ஜி சாதனத்துக்குத் தனிக் கணினி உண்டு. அதைப் பொருத்தும் தொழிலாளி மடிக்கணினியைத் திறந்து, பெட்ரோலுக்கான அளவுகளை வாயுவுக்கு ஏற்பத் திருத்துகிறார். அங்கீகரிக்கப்பட்ட சாதனம் என்பதால் அது முறையான பணி. அதே அறிவைத் தன் வண்டியில் பயன்படுத்துபவரின் நிலைதான் தெளிவற்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தடையைக் கண்டிப்பாக வலியுறுத்தியது.

அதே ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், 182ஏ பிரிவை மாற்றியமைத்தது. அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அது வகை செய்கிறது.

ஆனால், 'மாற்றம்' என்ற சொல்லுக்கு 52-வது பிரிவு தரும் விளக்கம், வாகனத்தின் 'கட்டமைப்பில்' நிகழ்ந்து அதன் அடிப்படை அம்சத்தை மாற்றுவது என்பதாகும். கணினியில் உள்ள எண்கள் கட்டமைப்பா? இல்லை என்று உரிமையாளர் வாதிடலாம். பதிவுக்கான விண்ணப்பத்தில் குதிரைத்திறன் கேட்கப்படுகிறது. அதை உயர்த்துவது விவரத்தை மாற்றுவதுதான் என்று அதிகாரி வாதிடலாம். இரும்பை மனதில் வைத்து எழுதிய விதியை மென்பொருளுக்குப் பொருத்தும்போது எழும் குழப்பம் இது.

காப்புரிமைச் சட்டமும் உள்ளே வருகிறது. கணினி நிரல் செயல்படும் விதத்தை, அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதற்காகக் கூர்ந்து பார்ப்பதையும் ஆராய்வதையும் அதன் 52-வது பிரிவு அனுமதிக்கிறது. 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் மின்னணுப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. ஆக, ஆராய்வதற்கு இடமுண்டு. ஆராய்ந்தறிந்ததைச் சாலையில் ஓடும் வண்டியில் பயன்படுத்துவதில்தான் சிக்கல்.

சோதனையில் சிக்காத நச்சு

இப்பொழுதுபோக்கின் இருண்ட பக்கம் டீசல் வாகனங்களில் தெரிகிறது. புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் வால்வை மென்பொருளால் அணைத்துவிடலாம். கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அது இருப்பதாகவே கணினியை நம்பவைக்கலாம். இழுவை கூடும், பராமரிப்புச் செலவு குறையும். அதற்கான விலையைத் தெருவில் நடப்பவரின் நுரையீரல் கொடுக்கும்.

புகைப் பரிசோதனைச் சான்று இதைத் தடுக்கும் என்று நம்புவதற்கில்லை. பெட்ரோல் வண்டியை நிறுத்தி வைத்தே கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசல் வண்டியில் புகையின் அடர்த்தி மட்டுமே பார்க்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் அளக்கப்படுவதில்லை. வால்வை அணைத்தால் பெருகுவது அந்த நச்சுதான்.

மென்பொருளால் சோதனையை ஏமாற்ற முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது பொழுதுபோக்காளர் அல்ல, ஒரு பெரும் நிறுவனம். ஃபோக்ஸ்வேகன் மோசடி 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமானது. இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ரூ. 500 கோடி அபராதம் விதித்தது. கட்டாய நடவடிக்கைக்கு உச்ச நீதிமன்றம் பின்னர் தடை விதித்தது.

தனிநபர்கள் செய்தாலும் சேதம் சிறிதல்ல. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்-அப் வாகனங்களில் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் கணக்கிட்டது.

எரிபொருளை மாற்றியது அரசு

உரிமையாளரின் தரப்புக்கு அண்மையில் வலுச் சேர்த்தது எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடெங்கும் பரவலாக விற்பனைக்கு வந்தது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், முழு எரிதலுக்கான காற்று விகிதம் 14.7-லிருந்து ஏறத்தாழ 13.5 ஆக இறங்குகிறது. அதாவது, அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவை. ஆக்சிஜன் சென்சார் உள்ள கணினி ஓரளவு தானே ஈடுசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டியால் அதுவும் இயலாது.

இதற்கெனச் சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்கச் செய்யக் கோரிய மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வண்டிக்குள் ஊற்றப்படும் பொருளை அரசு மாற்றலாம்; அதற்கேற்பக் கணினியின் எண்ணைத் திருத்திக்கொள்ள உரிமையாளருக்கு வழி இல்லை. தன் வண்டி எவ்வளவு ஈடுசெய்கிறது, எந்த வரம்பில் திணறுகிறது என்பதை ஓபிடி கருவியில் வாசிக்கத் தெரிந்தவர் மட்டுமே, இந்த விவாதத்தில் கையில் சான்றுடன் பேச முடிகிறது.

யார் கையில் சாவி?

பழுதறியும் கருவிகளையும் உதிரிபாகங்களையும் வெளிச் சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் ரூ. 2,545 கோடி அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது நீக்கும் உரிமை' குறித்து அமைத்த குழுவின் பட்டியலில் மோட்டார் வாகனங்களும் இடம்பெற்றன. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. எனினும், தகவல் தருவது நிறுவனத்தின் விருப்பம் என்ற நிலையிலிருந்து சட்டக் கடமை என்ற நிலைக்கு இந்த முயற்சி நகரவில்லை.

அமெரிக்கா இரு கேள்விகளையும் தனித்தனியே பிரித்தது. பழுதறியவும், பழுது நீக்கவும், சட்டத்துக்கு உட்பட்ட மாற்றம் செய்யவும் வாகன மென்பொருளின் பூட்டைத் திறக்க உரிமையாளருக்கு 2015-ல் விலக்கு அளிக்கப்பட்டது. மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தில் கை வைப்பது சட்டவிரோதமாகவே நீடிக்கிறது.

அத்தகைய பிரிவினை இந்தியச் சட்டத்தில் இல்லை. தன் பெட்ரோல் வண்டியின் தரவை வாசித்துக் கற்கும் மாணவர், பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டும் ஆர்வலர், டீசல் வண்டியின் வடிகட்டியைக் காசுக்குக் கழற்றித் தரும் கடைக்காரர் ஆகிய மூவரையும் ஒரே 'மாற்றம்' என்ற சொல்லால் அளக்கிறது அது. முதல் இருவர் அச்சத்தோடு கற்கின்றனர். மூன்றாமவரோ சோதனையில் சிக்குவதே இல்லை. சாலையில் ஓடும் வண்டியின் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கவும், கணினியில் உள்ள நிரல் தயாரிப்பாளர் அளித்ததுதானா என்று சரிபார்க்கவும் பரிசோதனை மையங்களுக்கு வசதி வந்தால், கற்பவரைத் தண்டிக்காமலே காற்றைக் காக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் அடுத்த முறை அவைக்கு வரும்போது உறுப்பினர்கள் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி, 52-வது பிரிவில் உள்ள 'கட்டமைப்பு' என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியதுதான்.