சின்னப் பெட்டிக்குள் 18 குழிகள்!



கோல்ஃப் விளையாட்டை நேரில் பார்த்திருக்கிறீர்களா? நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. ஒரு நீண்ட மட்டை, ஒரு சின்ன வெள்ளைப் பந்து, தொலைவில் ஒரு குழி. குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால், ஒரு குழிக்குப் போகும் வழியே சில நூறு மீட்டர் நீளம் இருக்கும். நடுவில் மரங்கள், குளம், மணல் பள்ளம் எல்லாம் குறுக்கிடும். இப்படி 18 குழிகளையும் முடித்தால்தான் ஒரு முழு ஆட்டம்.

இத்தனை பெரிய மைதானத்தை உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்க முடியுமா? 1984-ல் ஜப்பானில் ஓர் இளைஞர் அடைத்துக் காட்டினார். அவர் பெயர் சட்டோரு இவாட்டா. அப்போது அவருக்கு வயது 24தான்!

இவாட்டாவுக்குப் பள்ளி நாட்களிலேயே இந்தப் பித்து உண்டு. படமே காட்டாத, எண்களை மட்டும் காட்டும் கால்குலேட்டர் ஒன்றில் சின்னச் சின்ன விளையாட்டுகளை உருவாக்கி நண்பருக்குக் காட்டுவாராம். (வகுப்பு நடக்கும்போது அல்ல என்று நம்புவோம்!) பிறகு டோக்கியோவில் கல்லூரியில் படித்துக்கொண்டே, 'ஹால்' என்ற சிறிய நிறுவனத்தில் பகுதி நேரமாகச் சேர்ந்து, படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்குப் போனார்.

1983-ல் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற வீடியோ கேம் கருவியை வெளியிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடலாம். ஒவ்வொரு விளையாட்டும் ஒரு தனி பிளாஸ்டிக் பெட்டியில் வரும். அதற்குக் கேட்ரிட்ஜ் என்று பெயர். அந்தக் கருவிக்கு கோல்ஃப் விளையாட்டு வேண்டும் என்று நின்டெண்டோ விரும்பியது. ஆனால், 18 குழிகளையும் கேட்ரிட்ஜுக்குள் கொண்டுவர இடம் போதாது என்று மற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

ஏன் தெரியுமா? தொடக்கக் காலக் கேட்ரிட்ஜில் அதிகபட்சம் 40 கிலோபைட்தான் கொள்ளும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் 2 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இந்தக் கேட்ரிட்ஜைப் போல 50 மடங்கு! ஒரு படத்துக்கே காணாத இடத்தில் ஒரு முழு மைதானம்.

இவாட்டா 'நான் செய்கிறேன்' என்று ஏற்றுக்கொண்டார். தகவலைச் சுருக்கி வைக்கத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். சுருக்குவது என்றால் என்ன? நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கட்டம் போட்ட தாளில் மைதானத்தின் ஒரு வரிசையை இப்படி எழுதுங்கள்: புல், புல், புல், புல், புல், மணல், மணல், நீர், நீர், நீர். 10 சொற்கள் ஆயிற்றா? இதையே 'புல் 5, மணல் 2, நீர் 3' என்று எழுதிப் பாருங்கள். இடம் மிச்சம், தகவல் ஒன்றும் குறையவில்லை! இவாட்டா செய்தது இதைவிட நுட்பமானது. ஆனாலும் சுருக்குதல் என்பதை இப்படித் தொடங்கித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, மைதானம் வந்துவிட்டது. பந்தை எப்படி அடிப்பது? கையில் மட்டை கிடையாது, பொத்தான்கள்தான். திரையில் ஒரு பட்டை தெரியும். ஒருமுறை அழுத்தினால் அந்தப் பட்டையில் ஒரு குறி ஓடத் தொடங்கும். இரண்டாம் முறை அழுத்தும் இடம், எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்பதை முடிவு செய்யும். குறி திரும்பி வரும்போது, சரியான இடத்தில் மூன்றாம் முறை அழுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பந்து பக்கவாட்டில் வளைந்து போய்விடும். காற்று வேறு வீசும். எதிர்க்காற்றா, பக்கக் காற்றா என்று பார்த்துத்தான் மட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பந்து நேராகக் குளத்துக்குள்!

அடித்துத் தள்ளினால் போதும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் பிடிக்காது. காத்திருந்து, சரியான நொடியில் விரலை அழுத்துகிறவர்களுக்குத்தான் வெற்றி. எனக்குப் பிடித்ததே இதுதான். பின்னால் வந்த எத்தனையோ கோல்ஃப் கேம்கள் இந்தப் பட்டை முறையைப் பின்பற்றின.

இவாட்டா 1993-ல் ஹால் நிறுவனத்தின் தலைவரானார். 2002-ல் நின்டெண்டோவுக்கே தலைவரானார். இணையத்தில் தோன்றி, புதிய விளையாட்டுகளைப் பற்றி அவரே பேசுவார். அப்போது இரண்டு கைகளையும் பார்ப்பவர்களை நோக்கி நீட்டி, 'நேரடியாக உங்களுக்கு' என்று சைகை காட்டுவார். 2015 ஜூலை 11 அன்று, 55 வயதில் காலமானார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு விந்தை வெளிப்பட்டது. 2017-ல் நின்டெண்டோ 'ஸ்விட்ச்' என்ற புதிய கருவியை வெளியிட்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அதன் மென்பொருளைத் துருவிப் பார்த்த சிலர், உள்ளே ஒரு பழைய விளையாட்டு ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். அதற்கு இட்டிருந்த பெயரில் எஃப், எல், ஓ, ஜி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தன. தலைகீழாகப் படியுங்கள், கோல்ஃப்! 1984-ல் இவாட்டா உருவாக்கிய அதே ஆட்டம்.

அதைத் திறக்கும் சாவி என்ன தெரியுமா? கருவியின் தேதி ஜூலை 11 ஆக இருக்க வேண்டும். இரண்டு கைகளிலும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பிடித்துக்கொண்டு, இவாட்டா செய்வாரே, அதே சைகையைச் செய்ய வேண்டும். செய்தால், திரையில் அந்தப் பழைய பச்சை மைதானம் தோன்றும்!

பின்னால் வந்த மென்பொருள் புதுப்பிப்பில் அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். யார் அதை உள்ளே வைத்தாரோ, ஒரு ஜூலை 11-ஐ மனத்தில் வைத்துத்தான் வைத்திருக்கிறார்.