கல்லீரலின் வாசலைத் திறக்கும் வெண்டைக்காய்

பாயான் பாரு சந்தைப் பக்கம் காலையில் போனால் மூவினத்தாரின் அடுப்பும் ஒன்றாக எரியும். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், மார்ஜரின் தடவி விசிறிய ரொட்டி சானாய், பன்றிக் கொழுப்பில் புரளும் சார் குவே தியாவ், எல்லாவற்றுக்கும் துணையாகக் கெட்டிப்பால் தே தாரேக். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970களில் எழுப்பிய நகரம் இது. பக்கத்திலேயே, 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்கள் வழியிலேயே பசியாறிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள்.

பினாங்குத் தீவின் பெயர்பெற்ற நாசி கண்டார், காவுதடியில் சோற்றையும் கறியையும் சுமந்து வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் துறைமுகத் தொழிலாளர்களுக்குப் போட்ட சாப்பாடு. காலை முதல் மாலை வரை மூட்டை தூக்கிய உடம்புக்கு அந்தக் குழம்பும் கொழுப்பும் தேவைப்பட்டன. இன்று அதே தட்டை, நாள் முழுதும் இயந்திரத்தின் முன்னோ கணினியின் முன்னோ இருப்பவர்கள் சாப்பிடுகிறார்கள். குழம்பு ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளமாக, வேண்டும் என்று கேட்டு வாங்கியும் சாப்பிடுகிறார்கள்.

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், 2019இல் பெரியவர்களில் 38.1 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தது. 2023இல் அது 33.3 விழுக்காடு. குறைந்திருப்பது நல்ல செய்தி. ஆனாலும் மூன்று பேரில் ஒருவர். நம்மவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. பிள்ளைகள் படித்து முடிக்காத வயதில் குடும்பத் தலைவர் சாய்கிறார். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மற்ற திசுக்களும் தாமே தயாரித்துக்கொள்கின்றன. செல்லின் சவ்வுக்கும் ஹார்மோன்களுக்கும் பித்தநீருக்கும் அது வேண்டும். எல்டிஎல் என்ற துகள்களில் ஏறி அது இரத்தத்தில் சுற்றுகிறது. வேலை முடிந்த எல்டிஎல்லை யார் திரும்ப எடுப்பது? அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் 1970களில் அதைக் கண்டுபிடித்தார்கள். செல்களின் மேற்பரப்பில், குறிப்பாகக் கல்லீரலில், எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. வாசல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வாசல்கள் அதிகமாகத் திறந்திருந்தால் இரத்தம் துப்புரவாகும். குறைந்தால் எல்டிஎல் நெடுநேரம் சுற்றிச் சுற்றி இரத்தக்குழாய்ச் சுவருக்குள் படியும். இதைக் கண்டுபிடித்த இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொலஸ்ட்ராலுக்கு என்று சொல்லப்படும் எந்தப் பத்தியத்தையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுவேன்: இது அந்த வாசலை என்ன செய்கிறது?

நிறைகொழுப்பு வாசல்களைக் குறைக்கிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. நம் வீடுகளில் பொரிக்கும் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி. நெய், தோலோடு பொரித்த கோழி, ஆட்டுக்கொழுப்பு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். முட்டையைக் கண்டு பயப்படும் பலர், அதைப் பொரித்த எண்ணெயையும் பக்கத்தில் இருக்கும் தேங்காய்ப்பால் சோற்றையும் கண்டுகொள்வதில்லை. முட்டையிலுள்ள கொலஸ்ட்ராலைவிட இவைதான் பெரும்பாலோரின் இரத்தத்தில் எல்டிஎல்லைக் கூட்டுகின்றன.

கரையும் நார்ச்சத்து இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலம் செய்து குடலுக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் அதில் 95 விழுக்காட்டைக் குடல் உறிஞ்சித் திருப்பிக் கொடுத்துவிடும். வெண்டைக்காயின் வழுவழுப்பும் ஓட்ஸின் கூழ்த்தன்மையும் அந்தப் பித்த அமிலத்தைக் கட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். இழந்ததை ஈடுகட்டப் புதிதாகப் பித்த அமிலம் செய்ய வேண்டும், அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதை இரத்தத்திலிருந்து எடுக்கக் கல்லீரல் கூடுதல் வாசல்களைத் திறக்கும். ஒருநாளில் சுமார் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட்டால் அதிலுள்ள கரையும் நாரான பீட்டா குளுக்கான் இதற்குப் போதுமான அளவு, அதாவது 3 கிராம், கிடைக்கும். பருப்பு, கொண்டைக்கடலை, இசப்கோல், கொய்யா ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை.

இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கனடாவின் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் சோதித்துப் பார்த்தார். 2003இல் வெளிவந்த ஆய்வு அது. ஒரு குழுவுக்கு ஓட்ஸ், பார்லி, வெண்டைக்காய், கத்தரிக்காய், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் கலந்த மார்ஜரின். இன்னொரு குழுவுக்குக் கொழுப்புக் குறைந்த உணவோடு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரை. ஒரு மாதத்தில் முதல் குழுவுக்கு எல்டிஎல் 28.6 விழுக்காடு இறங்கியது, மாத்திரைக் குழுவுக்கு 30.9 விழுக்காடு. மாத்திரையும் இல்லாமல் கொழுப்பை மட்டும் குறைத்தவர்களுக்கு 8 விழுக்காடுதான். எண்ணெயைக் குறைப்பதோடு நின்றுவிட்டு, “கட்டுப்பாடாய் இருந்தும் குறையவில்லையே” என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு இந்த 8 நிறைய சொல்லும். சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். அவரவர் வீட்டில் தாமே சமைத்துச் சாப்பிட்டபோது, 2011இல் வெளியான ஆறு மாத ஆய்வில், 13 விழுக்காடு அளவுக்குத்தான் இறங்கியது. எல்டிஎல் 4.2 மில்லிமோல் உள்ளவருக்கு அது 3.65 அளவுக்கு வரும். நான் நம்பிச் சொல்லக்கூடிய எண் இதுதான். சிலருக்கு இதுவே போதும். மாரடைப்பு கண்டவர் 1.4க்கும் கீழே கொண்டுவர வேண்டும், அவருக்கு இது மட்டும் போதாது.

பாயான் பாருவில் இருப்பவர் இதற்காகக் கனடாவின் சாப்பாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. தவ்ஹூவும் தெம்பேயும் சீனி போடாத சோயாப் பாலும் இங்கேயே கிடைக்கின்றன. நாசி கண்டார் கடையிலேயே சோற்றைப் பாதியாக்கி, வெண்டைக்காயும் முட்டைக்கோசும் வாங்கி, பொரித்த கோழிக்குப் பதில் மீன் எடுத்து, குழம்பைத் தட்டின் ஓரத்தில் ஊற்றச் சொல்லலாம். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ இதுதான்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். கெம்போங் மீனின் ஒமேகா 3 இரத்தத்தின் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடைக் குறைக்கும், எல்டிஎல்லைக் குறைக்காது. நடைப்பயிற்சியும் ஏறக்குறைய அப்படித்தான். வாரம் 150 நிமிடம் நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மிக நல்லது, எல்டிஎல்லில் அதன் பங்கு சிறியது.

கோப்பி குடிப்பவர்களுக்கு ஓர் ஆறுதல். வடிகட்டாத கோப்பியிலுள்ள கஃபெஸ்டால் எல்டிஎல்லைக் கூட்டும். நம் கோப்பிக்கடைத் துணிவடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது அடியில் தேங்கும் கெட்டிப்பால்தான்.

பினாங்கின் சீன மருந்துக்கடைகளில் சிவப்பு நொதியரிசி கிடைக்கும். “இயற்கைதானே” என்று நம்மவர்களும் வாங்குகிறார்கள். அதிலுள்ள மொனாக்கோலின் கே என்ற பொருளும் லோவாஸ்டாட்டின் மாத்திரையும் வேதியியலில் ஒன்றே. ஒவ்வொரு பொட்டலத்திலும் அதன் அளவு வேறுபடும். மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு அதையும் சேர்த்தால் தசைக்கும் கல்லீரலுக்கும் ஆபத்து. லோவாஸ்டாட்டின் சேர்ந்த ஸ்டாட்டின் வகையே பூஞ்சையிலிருந்து வந்ததுதான். ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சலித்து 1973இல் அவ்வகையின் முதல் பொருளைப் பிரித்தெடுத்தார். வெந்தயத் தண்ணீரையும் பூண்டையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அவற்றை நம்பி மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

சிலருக்குப் பிறப்பிலேயே எல்டிஎல்லைப் பிடிக்கும் அந்த வாசல்கள் பழுது. உலகில் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. ஒல்லியாக இருப்பார், சைவமாகவும் இருப்பார், எல்டிஎல் மட்டும் 4.9ஐத் தாண்டும். குதிகால் தசைநாண் தடித்திருக்கலாம். அவர் மீது பத்தியத்தவறு என்று பழிபோடுவது கொடுமை. உணவோடு அவருக்கு மருந்தும் இளவயதிலேயே வேண்டும்.

குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதை எட்டியவர்களுக்குப் பெகா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம். உணவை மாற்றிய மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம் கொடுத்துப் பாருங்கள். முடிவில் எல்டிஎல் 4.9க்கு மேல் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குத் தனியாகப் போகாதீர்கள். உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெற்றோரில் ஒருவருக்கு அந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு.