வட்டியில்லாப் பாங்கிக்கு அளவுகோல் எது?

வட்டி வாங்காதிருப்பது ஒன்றே தர்மமாகிவிடுமா? 1983இல் மலேசியாவில் பாங்க் இஸ்லாமும், 2011இல் இலங்கையில் அமானா பாங்கியும் தொழில் தொடங்கின. இத்தகைய பாங்கிகளை எடைபோட 2008இல் மலேசிய ஆராய்ச்சியாளர் சிலர் ஓர் அளவுகோல் வகுத்தனர். கல்வி, நீதி, பொதுநலம் என்பன அதன் அங்கங்கள். பயிற்சிக்குச் செலவிட்டது எவ்வளவு, ஜகாத்துக்குப் போனது எவ்வளவு, மெய்யான உற்பத்தியில் இட்ட முதல் எவ்வளவு என்று கணக்குப் புத்தகத்தையே அது சாட்சிக்கு அழைக்கிறது.

நன்று. ஆயினும், பாங்கி நஷ்டத்தில் பங்கு கொண்டதா? இதுவன்றோ உயிர்நிலை! கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறு பட்டறைக்காரருக்கு யந்திரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முராபஹா முறையில் பாங்கி அதை வாங்கி, லாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும். பட்டறை நொடித்தாலும் கடன் கடனே. முஷாரகா முறையிலோ பாங்கியும் கூட்டாளி. நஷ்டத்தைத் தன் முதலுக்குத் தக்கபடி அதுவும் சுமக்கும். இப்பாங்கிகள் பெரிதும் கைக்கொள்வது விலையேற்றி விற்கும் வழியையே.

நம் நாட்டிலோ பரீட்சைக்கே இடமில்லை. 2008இல் ரகுராம் ராஜன் கமிட்டி வட்டியில்லாப் பாங்கி முறையைச் சிபார்சு செய்தது. இஸ்லாமிய பாங்கி யோசனையைத் தொடர்வதில்லையென 2017இல் ரிசர்வ் பாங்கி தெரிவித்தது. பாங்கி வசதி யாவர்க்கும் சமமாகக் கிட்டுகிறது என்பது காரணமாம். அந்தப் பட்டறைக்காரர் இதை ஒப்புவாரா?