கண்ணீரும் கரிக்கோலும்

‘கலை கலைக்காகவா? கலை மக்களுக்காகவா?’ பட்டிமன்ற மேடைகளில் பல்லாண்டுகளாக முழங்கிவரும் தலைப்பு இது. கலைஞன் தன் உள்ளத்து உணர்வை வெளியிட்டால் போதும், ஊரைப் பற்றிய கவலை அவனுக்கு வேண்டியதில்லை என்பர் ஒரு சாரார். மக்களுக்குப் பயன்படாத கலை மணமற்ற மலர் என்பர் மறுசாரார். முடிவில் நடுவர் வெற்றியை இரு தரப்புக்கும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுத் தருவார்; கைதட்டலோடு கூட்டம் கலையும். இக்கேள்வியை மேடையில் வைத்துப் பேசுவதைவிட ஓர் ஓவியரின் வாழ்வில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும் என்று நான் கருதுகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்டவர், ஜெர்மானிய ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ் அம்மையார்.

மருத்துவர் இல்லத்தில் ஓர் ஓவியர்

கேத்தே 1867-ஆம் ஆண்டு கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று கலினின்கிராட் என்னும் பெயரில் ரஷ்யாவில் உள்ளது. அக்காலத்து ஜெர்மானியக் கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கெனத் தனியே நடைபெற்ற பள்ளிகளில் ஓவியம் பயின்றார். 1891-இல் கார்ல் கோல்விட்ஸ் என்னும் மருத்துவரை மணந்து, பெர்லினில் தொழிலாளர் நிறைந்த பகுதி ஒன்றில் குடியேறினார். ஏழைத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்ப்பதே கணவரின் பணி. சிகிச்சைக்கு வந்த பெண்கள் நோயை மட்டுமா கொண்டுவந்தார்கள்? வேலையிழந்த கணவன், பசித்த பிள்ளை, மீண்டும் ஒரு கருப்பம் என்று தங்கள் வாழ்க்கை முழுவதையும் சுமந்து வந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் தாம் உழைப்பாளிகளை வரைந்ததற்குக் காரணம் இரக்கமன்று, அவர்களிடம் தாம் கண்ட அழகே என்று கேத்தே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். அவர்தம் துயரை ஆழ்ந்து அறிந்தது பெர்லினுக்கு வந்த பிறகுதான். அழகை நாடிச் சென்ற கண், அங்கே துயரையும் கண்டது. பட்டிமன்றத்தின் இரு அணிகளும் இங்கே ஒரே இருக்கையில் அமர்ந்துவிடுகின்றன!

1893-இல் ஹாப்ட்மனின் ‘நெசவாளர்கள்’ நாடகத்தைப் பார்த்தார் கேத்தே. சிலேசியா நாட்டு நெசவாளர்கள் 1844-இல் நடத்திய கிளர்ச்சியே அதன் கதை. அந்நாடகம் தந்த உந்துதலால் ஆறு அச்சுப்படங்கள் கொண்ட ஒரு வரிசையை உருவாக்கினார். 1898-இல் அது பெர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. நடுவர் குழு பதக்கம் வழங்கப் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார். ஆறு தாள்களும் கொஞ்சம் மையும் அரியணையை முகஞ்சுளிக்க வைத்தன.

ஒன்று நூறாகும் கலை

வண்ண ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது செல்வர் மாளிகைச் சுவரைச் சென்றடையும். அச்சுப்படமோ ஒன்று நூறாகும். குறைந்த விலையில் பலர் கைக்கும் போகும். கேத்தே வண்ணத்தை விடுத்து அச்சுக்கலையையே தம் வழியாகக் கொண்டார். அவர் கையாண்ட முறைகள் மூன்று.

முதலாவது, உலோகத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவது. கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் அழுத்தினால் படம் பதியும். இரண்டாவது, கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து நீரால் நனைத்தால், நீர் தங்கிய இடம் மையை ஒதுக்கும். கொழுப்புப் பட்ட இடம் மையை ஏற்கும். மூன்றாவது, மர அச்சு. வெண்மையாக வேண்டிய இடத்தை உளியால் செதுக்கி நீக்கிவிட்டு, எஞ்சிய மேட்டில் மை தடவி எடுப்பது. இதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, இடைநிறம் இல்லை. போரைப் பற்றிச் சொல்ல அவர் தேர்ந்துகொண்டது இந்த மூன்றாம் முறையையே.

மகனை இழந்த தாய்

1903-இல் ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்னும் படத்தை கேத்தே வரைந்தார். கால்களை மடக்கி அமர்ந்து, இறந்த குழந்தையின் மார்பில் முகத்தைப் புதைத்து, அதை மீண்டும் தன் உடலுக்குள் இழுத்துக்கொள்ள முயல்பவள்போல ஒரு தாய் அணைத்திருக்கிறாள். இப்படத்துக்காகத் தம் ஏழு வயது மகன் பீட்டரை மடியில் ஏந்தி, கண்ணாடியில் பார்த்துத் தம்மையே வரைந்தார்.

பதினோராண்டுகள் சென்றன. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பீட்டருக்கு அப்போது வயது 18. போர்முனைக்குச் செல்லத் தந்தையின் இசைவு வேண்டும், தந்தை மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் மன்றாடி இசைவு பெற்றுத் தந்தவர் கேத்தேயே. அக்டோபர் மாதம் பெல்ஜிய மண்ணில் பீட்டர் மாண்டான்.

மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய முனைந்தார் அந்தத் தாய். முதலில் அவர் எண்ணியது, கிடத்தப்பட்ட மகனின் உருவையும் அருகில் பெற்றோரையும் வடிப்பதாகும். செய்தார், கலைத்தார், இடையில் கைவிட்டார், மீண்டும் தொடங்கினார். 1932-இல் அது மகன் புதைந்த கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பட்டபோது பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. தந்தையும் தாயும் தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கின்றனர். முகங்கள் கார்லையும் கேத்தேயையும் ஒத்தவை. ஆனால் மகனின் உருவம் அங்கே இல்லை!

என் கருத்தில், இக்கட்டுரையின் கேள்விக்கு விடை அந்த இல்லாத உருவத்தில்தான் இருக்கிறது. மகனைச் செதுக்கியிருந்தால் அது பீட்டரின் சின்னமாக மட்டும் நின்றிருக்கும். அவ்வுருவை நீக்கியதால், பெற்றோர்முன் விரிந்து கிடக்கும் கல்லறைகள் எல்லாம் அவர்களுடைய பிள்ளைகளின் கல்லறைகளாயின. அச்சிலைகள் இப்போதுள்ள விளாட்ஸ்லோ தோட்டத்தில் 25,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் புதைந்துள்ளனர். தம் துயரை மறந்து பொதுத்துயரை எழுதவில்லை கேத்தே. தம் துயரையே விடாமல் பார்த்துப் பார்த்து, அது எல்லோருக்கும் உரியதாகும் மட்டும் செதுக்கினார்.

விதை தானியம்

1920-களின் தொடக்கத்தில் ‘போர்’ என்னும் தலைப்பில் ஏழு மர அச்சுகள் வெளிவந்தன. அவற்றில் போர்க்களக் காட்சியே கிடையாது. பிள்ளையைப் பலிக்கு நீட்டும் தாய், ஒருவர்மேல் ஒருவர் சரிந்தழும் பெற்றோர், கைம்பெண், பிள்ளைகளை நடுவில் வைத்து அரணாக நிற்கும் தாய்மார்கள் ஆகியோரே அவற்றில் உள்ளனர். ஒரு படத்தில் சாவு பறையடித்து முன்செல்ல, இளைஞர்கள் மயங்கிப் பின்செல்கின்றனர். சாவின் அருகில் செல்பவன் பீட்டர். 1924-இல் ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ என்னும் சுவரொட்டியை வரைந்தார். பசித்த குழந்தைகளுக்காகவும் சுவரொட்டிகள் செய்தார்.

பிரஷ்யக் கலைக்கழகம் 1919-இல் அவரை உறுப்பினராக்கியிருந்தது. 1933-இல் ஹிட்லர் ஆட்சி வந்ததும் அங்கிருந்து விலக நேர்ந்தது. பின்னர் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கவும் வழியடைக்கப்பட்டது. ஆயினும் கை ஓயவில்லை. எழுபது வயதைக் கடந்த நிலையில், 1942-இல் இறுதிக் கல்லச்சை முடித்தார். துள்ளியோட நினைக்கும் சிறுவர்களைத் தன் மேலாடைக்குள் வளைத்துக் காக்கிறாள் ஒரு முதிய தாய். ‘விதை தானியத்தை அரைத்தல் ஆகாது’ என்பது அதன் பெயர். உழவர் வீட்டில் பிறந்த நமக்கு இதற்கு உரை வேண்டுமா? பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்காத மரபு நம்முடையது. அதே ஆண்டில், பீட்டர் என்றே பெயர் சூட்டப்பட்ட பேரனும் போரில் மடிந்தான். 1945 ஏப்ரல் 22-ஆம் நாள், ஐரோப்பாவில் போர் ஓய்வதற்குச் சில நாட்களே இருந்தபோது, கேத்தே கண்மூடினார்.

நம் நாட்டிலும்

கறுப்பு மையின் வலிமையை நம் நாடும் கண்டதுண்டு. 1943-இல் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தபோது, சைனுல் ஆபெதின் மலிவான பொதிதாளில் பட்டினிச் சாவுகளை வரைந்தார். சித்தபிரசாத் மேதினிபூர் மாவட்டத்தில் அலைந்து, கண்டதை எழுத்திலும் கோட்டிலும் பதிந்து ‘பசித்த வங்கம்’ என்னும் நூலாக்கினார். அச்சான 5,000 படிகளையும் ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. குடும்பத்தாரிடம் இருந்த ஒரு படி தப்பியது. வெறும் அலங்காரத்தைக் கண்டு எந்த அரசு அஞ்சும்?

தீர்ப்பு

ஆகவே பட்டிமன்றத் தலைப்பையே மாற்ற வேண்டும் என்பேன். கலைஞனின் சொந்த உணர்வும் சமுதாயப் பயனும் எதிரெதிர்க் கரைகள் அல்ல. தன்னுள் உண்மையாக ஆழ்ந்தவன் பிறர் நெஞ்சிலும் ஊற்றைத் தோண்டுகிறான். ஊருக்கு உபதேசம் செய்ய வேண்டும் என்றே வரைந்தது மறுநாளே வெளுத்துவிடும். தன்னோடு முடிந்துபோகும் புலம்பலும் நிலைப்பதில்லை.

நம் கல்லூரியிலும் வரைபவர்கள் உண்டு. தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் இலை நரம்பை நுணுக்கமாகத் தீட்டும் கைகள் உண்டு. பாடக் குறிப்பின் ஓரத்தில் முகங்களைக் கிறுக்கும் கைகள் உண்டு. நண்பர்களே, பெரிய பொருளைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். விடியலில் வயலுக்குப் புறப்படும் தாயின் முதுகை, தறிக்குழியில் அமர்ந்த தந்தையின் கையை ஒருமுறை உற்று நோக்கி உள்ளவாறே வரைந்து பாருங்கள். அது உங்கள் வீட்டுப் படமாகத் தொடங்கும். பார்ப்பவர் ஒவ்வொருவரும் தம் வீட்டை அதில் காண்பர்.